இழுப்பறையில் கிடந்த பழைய போனுக்குக் கையால் அப்டேட் போட்ட கதையும் வழிமுறையும்

அக்கா ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு இழுப்பறைக்குள் போட்ட பிக்சல் 3ஏ போன் அது. திடீரென்று மறுபடியும் தேவைப்பட்டது. சார்ஜ் ஏற்றித் திறந்தால் ஆண்ட்ராய்டு 10; பாதுகாப்புப் பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்) தேதி 2020. அந்த மாடலுக்கு ஆண்ட்ராய்டு 12 வரை வந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வீட்டு இணையம் பாதியில் பாதியில் அறுந்துகொண்டிருந்தது. ஒரு ஜிபிக்கு மேல் இறக்க வேண்டிய அப்டேட் மூன்று முறை நடுவழியில் நின்றது. சரி, கம்ப்யூட்டரில் நிதானமாக இறக்கிக் கையாலேயே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பிழை திருத்துபவள். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. இந்த வேலைக்கு என் தொழில் பழக்கம்தான் அதிகம் கைகொடுத்தது: எதையும் எழுத்தெழுத்தாகப் படிப்பது.

தொடங்குவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். ‘கையால் அப்டேட்’ என்பதில் இரண்டு வகை உண்டு. தயாரித்த நிறுவனமே வெளியிட்ட ஃபைலைக் கேபிள் வழியாகப் போனுக்குக் கொடுப்பது ஒன்று. அதில் போனே காவல்காரன். ஃபைலில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா, மாடல் பொருந்துகிறதா, இப்போது இருப்பதைவிடப் பழையதா என்றெல்லாம் அதுவே பார்த்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடும். போன் எழும்போது முதலில் ஓடும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறந்துவிட்டு வேறொருவர் உருவாக்கிய ஆண்ட்ராய்டை ஏற்றுவது இரண்டாவது வகை. அதில் பூட்டைத் திறந்த நிமிடத்திலிருந்து நீங்கள்தான் காவல்காரர். முதல் வகையில் வழி மீதி இருக்கும்வரை இரண்டாவதன் பக்கம் போகாதீர்கள்.

முதலில் போனைத் திருப்பிப் பாருங்கள். பின்மூடி உப்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு அப்டேட் தேவையில்லை, பேட்டரிதான் தேவை. உப்பல் இல்லையென்றால் முழுவதும் சார்ஜ் ஏற்றுங்கள். பழைய பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்துவிடும். அதன் எண்ணிக்கையை நம்ப முடியாது.

அடுத்தது பேக்கப். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். அதிகாரபூர்வ அப்டேட் உங்கள் தரவை அழிக்காதுதான். ஆனால் ஏதாவது தவறினால் கடைசி வழி ரீசெட் என்பதால், எல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே தயாராவது நல்லது. படங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மறந்துபோவது வேறு சில. தொடர்பு எண்கள் கூகுள் கணக்கில் இருக்கின்றனவா, போன் நினைவகத்தில் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் உள்ளே போய் அதன் பேக்கப்பைத் தனியாக ஓடவிடுங்கள். குரல் பதிவு ஆப், குறிப்பு ஆப் போன்றவை பெரும்பாலும் போனுக்குள்ளேயே சேமிப்பவை. அந்தக் கோப்புகளைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு இழுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப். சில வருடங்களுக்கு முன் வேறொரு போனை ரீசெட் செய்தபோது அதை மாற்றிவைக்க மறந்தேன். என் மின்னஞ்சலுக்குள்ளேயே எனக்கு அனுமதி இல்லை. மீட்டுக்கொள்ள ஒன்பது நாள் ஆனது. அதிலிருந்து, கணக்குகளின் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைக்காமல் எந்தப் போனையும் தொடுவதில்லை. போனில் உள்ள கூகுள் கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கட்டும். ரிகவரி என்ற மீட்புத் திரையிலிருந்து ரீசெட் செய்தால் அந்தப் பழைய கணக்கைக் கேட்டுத்தான் போன் திறக்கும்; ஆண்ட்ராய்டு 5.1 காலத்திலிருந்தே அப்படித்தான்.

இப்போது போனின் உண்மையான பெயரைக் கண்டுபிடியுங்கள். பெட்டியில் அச்சடித்த பெயர் போதாது. பிக்சல் 3ஏ போனுக்கு உள்பெயர் ‘சார்கோ’. அதன் பெரிய அண்ணன் 3ஏ எக்ஸ்எல் போனுக்கு ‘போனிட்டோ’. வெளியிலிருந்து பார்த்தால் அளவு மட்டும்தான் வித்தியாசம், ஃபைல்கள் வேறு. சாம்சங் போன்களில் மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரைக்கும் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் விற்ற போனுக்கு எஃப் என்று முடியும் எண்ணும் எஃப்என் என்று முடியும் எண்ணும் இருக்கும். ஒன்றின் ஃபைல் மற்றதற்கு ஆகாது. செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதியைத் திறந்து மாடல் எண், ஆண்ட்ராய்டு பதிப்பு, பேட்ச் தேதி, பில்டு எண் நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பில்டு எண் என்பது போனில் உள்ள பதிப்பின் அடையாள எண். அதைப் படிப்பது எளிது. பிக்சலில் எஸ்பி2ஏ.220505 என்று தொடங்கினால், நடுவில் உள்ள ஆறு இலக்கம் ஒரு தேதி: 2022 மே 05. புதிய ஃபைலின் தேதி உங்கள் போனில் உள்ளதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். முந்தியதாக இருந்தால் ரிகவரி ஏற்காது.

ஃபைலை எங்கிருந்து எடுப்பது? பிக்சலுக்குக் கூகுளே தன் டெவலப்பர் தளத்தில் மாடல் வாரியாக வைத்திருக்கிறது. அங்கே ‘ஃபேக்டரி இமேஜ்’ என்று ஒன்றும் ‘ஃபுல் ஓடிஏ இமேஜ்’ என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது; ஓடிஏ என்பது போனுக்கு இணையம் வழியாக வரும் அப்டேட். ஃபேக்டரி இமேஜுக்குப் பூட்லோடரைத் திறக்க வேண்டும், திறந்தால் தரவு அழியும். ஃபுல் ஓடிஏவுக்கு இரண்டும் வேண்டாம். அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: முழு இயங்குதளமும் அதற்குள் இருப்பதால் படிப்படியாக ஏறாமல் 10லிருந்து நேராக 12க்குத் தாவலாம்.

ஃபைலின் பக்கத்திலேயே எஸ்எச்ஏ-256 என்று 64 எழுத்துகள் கொண்ட ஒரு நீளக் கோவை இருக்கும். இறக்கிய ஃபைலுக்கு அதே கோவை வருகிறதா என்று விண்டோஸில் செர்ட்யூட்டில் (certutil), மேக்கில் ஷாசம் (shasum) என்ற கட்டளையால் பார்க்கலாம். எங்கள் வீட்டு இணையம் போல அறுந்து அறுந்து வந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது. எனக்கு முதல் தடவை கோவை பொருந்தவில்லை. மறுபடி இறக்கினேன்.

கம்ப்யூட்டரில் ‘பிளாட்ஃபார்ம் டூல்ஸ்’ என்ற சிறிய தொகுப்பு வேண்டும். கேபிள் வழியாகப் போனோடு பேசும் ‘ஏடிபி’ என்ற கருவி அதற்குள் இருக்கிறது. அதையும் கூகுளே இலவசமாகத் தருகிறது. விண்டோஸ் என்றால் கூகுளின் யூஎஸ்பி டிரைவரும் சேர்த்து. ஜிப்பைப் பிரித்து, ஓடிஏ ஃபைலையும் அதே ஃபோல்டருக்குள் வையுங்கள். ஃபைலின் உள்ளடக்கத்தைத் தொடாமல் பெயரை மட்டும் சின்னதாக மாற்றிக்கொண்டால் தட்டச்சுப் பிழை குறையும். கம்ப்யூட்டர் தூங்கிப்போகும் அமைப்பை அணைத்துவிடுங்கள். கேபிள் விஷயம் வேறு: சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு. போனின் ஃபோல்டர்கள் கம்ப்யூட்டரில் தெரிந்தால்தான் அது தரவும் கடத்தும் கேபிள். நடுவில் யூஎஸ்பி ஹப் வேண்டாம், நேராகச் செருகுங்கள்.

இனி நடப்பது கால் மணி நேர வேலை. போனை அணைத்து, பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் பூட்லோடர் திரை வரும். ஒலி பட்டன்களால் ‘ரிகவரி மோடு’ வரை நகர்ந்து பவரை அழுத்துங்கள். ஆண்ட்ராய்டு பொம்மை மல்லாந்து கிடக்க, சிவப்பு ஆச்சரியக்குறியோடு ‘நோ கமாண்டு’ என்று வரும். போன் செத்துவிட்டது என்று இந்த இடத்தில்தான் பலர் பயப்படுகிறார்கள். நானும் பயந்தேன். ஒன்றுமில்லை, அது வாசல் கதவு. பவரை அழுத்திப் பிடித்தபடியே ஒலி கூட்டும் பட்டனை ஒருமுறை தட்டி விடுங்கள், பட்டியல் திறக்கும்.

அதில் ‘அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி’ என்பதைத் தேர்ந்தெடுத்துக் கேபிளைச் செருகுங்கள். கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டருக்குள்ளேயே கட்டளைத் திரையைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில் ‘ஏடிபி டிவைசஸ்’ (adb devices) என்று நடுவில் ஓர் இடம் விட்டு அடியுங்கள். போனின் வரிசை எண்ணும் பக்கத்தில் ‘சைட்லோடு’ என்ற சொல்லும் வந்தால் இரண்டும் பேசிக்கொள்கின்றன. எதுவும் வரவில்லையென்றால் தவறு பெரும்பாலும் டிரைவரிலோ கேபிளிலோ இருக்கும், போனில் அல்ல. பிறகு ‘ஏடிபி சைட்லோடு’ (adb sideload) என்று அடித்து, ஓர் இடம் விட்டு, ஃபைலின் முழுப் பெயரைக் கொடுத்து என்டர் தட்டுங்கள்.

சதவீதம் ஏறும். எனக்கு 47இல் வந்து அப்படியே நின்றது. ஐந்து நிமிடம். கை கேபிளை நோக்கிப் போனது. பிடுங்காதீர்கள், கம்ப்யூட்டர் எண்ணுவது வேறு, போன் எழுதுவது வேறு. போன் திரையில் வரிகள் நகர்ந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டரில் ‘டோட்டல் எக்ஸ்ஃபர்’ என்று ஒரு வரி வந்தபோது வேலை முடிந்திருந்தது. ‘ரீபூட் சிஸ்டம் நவ்’ கொடுத்தேன்.

இங்கே தைரியத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7இலிருந்து பல போன்களில் இயங்குதளத்துக்கு ஏ, பி என்று இரண்டு அறைகள் வைக்கும் முறை வந்தது. நீங்கள் ஒன்றில் ஓடிக்கொண்டிருக்க, அப்டேட் மற்றதில் எழுதப்படும். புதியது எழுந்திருக்க மறுத்தால் போன் பழைய அறைக்கே திரும்பிவிடும். பிக்சல்கள் எல்லாம் இப்படித்தான். அதைவிடப் பழைய போன்களில் ஒரே அறை. நடுவில் மின்சாரமோ கேபிளோ போனால் சிக்கல். அவற்றில் ஆட்டம் காட்டும் கேபிளோடு இறங்க வேண்டாம்.

மற்ற போன்களைப் பற்றிச் சுருக்கமாக. சியோமியில் அப்டேட் பக்கத்தில் உள்ள லோகோவைத் தொடர்ந்து பல முறை தட்டினால், போனுக்குள் நீங்கள் வைத்திருக்கும் ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் வசதி திறக்கும், கம்ப்யூட்டரே வேண்டாம். சாம்சங்கில் டவுன்லோடு மோடு, கம்ப்யூட்டரில் ஓடின் என்ற மென்பொருள். அதில் கவனிக்க வேண்டியது ஒரே கட்டம்: சிஎஸ்சி என்று மட்டும் பெயர் தொடங்கும் ஃபைலைக் கொடுத்தால் போன் துடைக்கப்படும், ஹோம்_சிஎஸ்சி கொடுத்தால் தரவு அப்படியே இருக்கும். ஐபோன் என்றால் மேக்கில் ஃபைண்டர், விண்டோஸில் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிளின் டிவைசஸ் ஆப். ‘அப்டேட்’ பட்டனை அழுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் ‘ரீஸ்டோர்’ எல்லாவற்றையும் அழித்துவிடும். ஐபோன் 6 ஐஓஎஸ் 12ஓடும், 6எஸ்ஸும் 7உம் ஐஓஎஸ் 15ஓடும் நின்றுவிட்டன. ஆப்பிள் தற்போது கையெழுத்திடும் பதிப்பு மட்டுமே ஏறும் என்பதால் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

அக்காவின் போன் 12க்கு வந்துவிட்டது. முதல் நாள் கொஞ்சம் சூடானது, சார்ஜ் வேகமாக இறங்கியது. ஆப்களைப் புதிய பதிப்புக்கேற்ப அது மறுபடி தயார்செய்துகொள்ளும், விட்டுவிடுங்கள். செட்டிங்ஸில் ‘கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்’ என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டு 10இலிருந்து இயங்குதளத்தின் சில பகுதிகள் அந்த வழியாகத் தனியே வருகின்றன. பலர் அதைத் தட்டுவதே இல்லை. பிளே ஸ்டோரில் குரோமையும், ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூவையும் புதுப்பியுங்கள். அப்புறம் ஓர் அழைப்பு, ஒரு படம், ஒரு புளூடூத் இணைப்பு என்று சோதித்துவிடுங்கள்.

ஆனால் பேட்ச் தேதி மே 2022இலேயே நிற்கிறது. அந்த மாடலுக்கு அறிவித்த காலம் அதோடு முடிந்தது. அதற்கு மேல் போக, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஆண்ட்ராய்டான லினேஜ்ஓஎஸ் போன்ற தனி உருவாக்கங்கள்தான் வழி. நான் ஒரு மாதம் கழித்து, அக்காவிடம் கேட்டுவிட்டு அதையும் செய்தேன். லினேஜ்ஓஎஸ் தளத்தில் ஒவ்வொரு போனுக்கும் தனிப் பக்கம் உண்டு, உள்பெயரோடு. உங்கள் போன் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்; எங்கோ கிடைக்கும் ‘கிட்டத்தட்ட அதே மாடல்’ ஃபைலைத் தொட வேண்டாம். காவல்காரர் நீங்கள் என்று சொன்னேனே, அது இங்கேதான். அந்தப் பக்கம் பெரும்பாலும் நிறுவனத்தின் குறிப்பிட்ட பதிப்பு முதலில் போனில் இருக்க வேண்டும் என்று கேட்கும். அதற்காகவும் அதிகாரபூர்வ அப்டேட்டை முன்னால் முடித்திருக்க வேண்டும்.

பில்டு எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ என்பதை இயக்க வேண்டும். அது மங்கலாக இருந்து தட்ட முடியாவிட்டால், பெரும்பாலும் அந்தப் போனை விற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் பூட்டியே வைத்திருக்கிறது என்று பொருள். பூட்லோடர் திறந்ததும் போன் முழுக்கத் துடைக்கப்படும். கூகுள் ஆப்கள் லினேஜ்ஓஎஸ்ஸில் கிடையாது. வேண்டுமென்றால் அதன் பொதியை முதல் முறை போனைத் துவக்குவதற்கு முன்பே ஏற்ற வேண்டும், பிறகு ஏற்றினால் தகராறு செய்யும். இதற்கெல்லாம் விலையும் உண்டு. சில வங்கி ஆப்கள் திறக்க மறுக்கும். சில வீடியோ சேவைகள் தெளிவைக் குறைத்துவிடும். சிப்பைத் தயாரித்தவர்கள் தரும் அடிமட்ட மென்பொருள் பழைய தேதியிலேயே இருக்கும். லினேஜ்ஓஎஸ் அதை ‘வெண்டார்’ பேட்ச் தேதி என்று ஒளிக்காமல் தனியாகவே காட்டுகிறது. இந்த நிலையில் பூட்லோடரை மறுபடி பூட்ட முயலாதீர்கள், போன் எழுந்திருக்காமலே போகலாம்.

அக்காவுக்கு வங்கி ஆப் இன்னொரு போனில் இருப்பதால் இது ஒத்துவந்தது. உள்பெயர், பில்டு எண், ஏற்றிய தேதி மூன்றையும் எழுதிய துண்டுத் தாளைப் பின்னுறைக்குள் செருகிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: “என் வால்பேப்பர் எங்கேடி?”