லயத்தை விட்டுப் புது வீட்டுக்குப் போகுமுன்: சாமான் கழிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுதான் லயம். லயத்துக் காம்பராவில் என்ன பெரிய சாமான் இருந்துவிடப் போகிறது என்று வெளியாட்கள் நினைப்பதுண்டு. ஒரு காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் ஒட்டிக் கட்டிய குசினி (சமையலறை), அவ்வளவுதானே என்பார்கள். ஆனால் மூன்று நான்கு தலைமுறை அதே கூரையின் கீழ் பிறந்து, கலியாணம் கட்டி, பிள்ளை வளர்த்திருந்தால் கட்டிலுக்கு அடியில் சேர்ந்திருப்பது கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுத் திட்டத்தில் 550 சதுர அடி தனி வீட்டின் சாவி கைக்கு வந்ததும் எல்லோருக்கும் அவசரம் பிறந்துவிடுகிறது. பழையது எல்லாம் வேண்டாம், புதுசாக ஆரம்பிப்போம் என்கிற அந்த ஆசை நியாயமானது. அந்த அவசரத்தில்தான் திரும்பக் கிடைக்காதவை போய்விடுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய கடதாசிகளைக் கட்டாகத் தூக்கி அடுப்பில் போடுவது. மஞ்சளேறியிருக்கும், ஓரம் கறையான் தின்றிருக்கும், ஆங்கிலத்தில் தட்டச்சடித்திருக்கும். வீட்டில் யாரும் வாசித்ததில்லை என்பதால் குப்பை என்று முடிவு கட்டிவிடுகிறோம். நம் குடும்பங்களுக்கு அந்தக் காகிதங்கள் என்னவாக இருந்தன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் (குடியுரிமைச்) சட்டம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு, ஒரு பகுதியினரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் எஞ்சியவர்களின் நிலை தீர்ந்தது. இவ்வளவு காலமும் நான் யார் என்று காட்ட நம்மவர்கள் நீட்டியது காகிதத்தைத்தான். தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், பதிவு இலக்கம் உள்ள ஒரு கடிதம், பழைய கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்குத் தரும் உத்தேச வயதுச் சான்றிதழ் எதுவும் கழிக்கிற சாமான் அல்ல.

சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதிக் (ஈ.பி.எஃப்.) காகிதங்களும் அப்படித்தான். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒரே மலையில், ஒரே நிரையில் வேலை செய்தவருக்குக்கூட நிர்வாகம் மாறிய ஒவ்வொரு காலத்துக்கும் வேறு வேறு பதிவு இருக்கக்கூடும். அதோடு பெயர்ச் சிக்கல் வேறு. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டப் பழைய சம்பளத் துண்டு ஒன்று உதவும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தப் பணத்தைக் கேட்கலாம். இறந்துபோனவரின் பணத்தை அவருடைய உரித்தாளிகள் கேட்கலாம். ஆகவே தாத்தா இல்லையே, அவருடைய அட்டை எதற்கு என்று கிழித்துவிடாதீர்கள். உயர்தரம் படிக்கிற பிள்ளையை உட்காரவைத்து ஒவ்வொரு தாளையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பைல் போட்டு, பிறப்பு, திருமண, மரணச் சான்றிதழ்களையும் அதிலேயே வையுங்கள். எழுத்து மங்கிப்போகிற துண்டுகளைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வீடு மாறுகிற அன்று இந்த பைல்கள் லொறியில் ஏறக்கூடாது. வீட்டில் பொறுப்பான ஒருவர் கையிலேயே இருக்கட்டும்.

பழைய போட்டோக்களிலும் அவசரம் கூடாது. நம் ஈரக் காற்றில் படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போவது வழக்கம். நகத்தால் உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு வைத்தே, கண்ணாடியில் வெளிச்சம் தெறிக்காத கோணத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு, சட்டத்தோடு துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

துணிமணி விஷயத்தில் நடப்பது வேறு. கம்பளி, மெத்தை, பள்ளிச் சீருடை எல்லாவற்றையும் வாரக்கணக்கில் முன்பே பொலித்தீன் பைக்குள் திணித்து வாயைக் கட்டிவிடுகிறார்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. பதுளைப் பக்கம் ஆண்டு முடிவில்தான் மழை கனக்கும். அந்த மாதங்களில் அரை ஈரத்தோடு கட்டிய பை புது வீட்டில் பூஞ்சணமாகத்தான் திறக்கும். நல்ல வெயில் கண்ட நாளில் காயவைத்து, கிழிந்ததைத் துடைதுணியாக ஒதுக்கி, கடைசி நாட்களில் கட்டினால் போதும்.

வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் கழிப்பதை நான் தவறு என்று மட்டும் சொல்லமாட்டேன், அது அநியாயம். அப்பாயியின் கொழுந்துக் கூடை, இடுப்பில் கட்டிய படங்கு, தாத்தா தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தி எல்லாம் இளையவர் கண்ணுக்கு அழுக்குச் சாமான். ஆயுள் முழுக்கக் கையில் இருந்ததைப் பழைய இரும்புக்காரருக்குக் கிலோக் கணக்கில் போட்டுவிட்டு, பிறகு சொல்லலாம் என்பது சரியல்ல. எதை வைத்துக்கொள்ள ஆசை என்று முதலில் அவர்களையே கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது ஒன்றிரண்டு பொருள்தான். மீதியை அவர்களே கொடுத்துவிடச் சொல்வார்கள்.

நேர்மாறான தவறும் உண்டு. ஒருநாள் உதவும் என்று உளுத்த பலகை, காலொடிந்த கதிரை, கறையான் ஏறிய அலுமாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவது. கறையான் புதுக் கதவு நிலைக்கும் போய்ச் சேரும். லயம்வரை லொறி வராத இடங்களில் ஒவ்வொன்றையும் படி ஏறி இறங்கித் தோளில்தான் சுமக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் நல்ல தகரம் நான்கைந்து இருந்தால் விற்காதீர்கள். சிறிய குசினிக்குள் விறகு எரித்தால் வீடு முழுக்கப் புகை. வெளியே ஒரு அடுப்புக் கொட்டகை போட அந்தத் தகரம் கட்டாயம் வேண்டிவரும். அஸ்பெஸ்டஸ் தகடு மட்டும் வேறு கதை. அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

பூச்சிமருந்து, களைமருந்துப் போத்தல்களைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புல்லுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் அடித்த மருந்தின் கேன்கள் மூலையில் கிடக்கும். கழுவித் தண்ணீர் எடுக்கலாம் என்று அவற்றைப் புது வீட்டுக்குக் கொண்டுபோவதும், பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் உயிருக்கே ஆபத்து. எத்தனை முறை கழுவினாலும் சாப்பாட்டுக்கோ குடிநீருக்கோ அது ஆகாது. மூடியை இறுக்கி, பிள்ளைகள் கை படாத இடத்தில் தனியாக வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரிடமோ பிரதேச சபையிலோ கேளுங்கள். மீந்த குப்பையை இரவோடிரவாக ஓயாவில் (ஆற்றில்) தள்ளுவதும் வேண்டாம். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகிறது, கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீரை. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் 2017 முதல் தடை.

கொடுக்கிற சாமானைப் பற்றியும் ஒன்று. கிழிந்த மெத்தையையும் ஓட்டைச் சட்டியையும் லயத்தில் தங்குகிறவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவது தானமல்ல. அவர்களுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை, அந்த மனவருத்தம் ஏற்கெனவே இருக்கிறது. நாமே பாவிக்கக்கூடிய நிலையில் உள்ளதை மட்டும், வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கலியாணத்துக்கு இரவல் வாங்கிய அண்டா, கோயில் கமிட்டியின் பாய், தோட்டத்துக் கத்தி போன்றவை நம் சாமானோடு கலந்திருந்தால், லொறிக்குச் சொல்லுமுன் உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.