விர்ச்சுவல்பாக்ஸில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு

விர்ச்சுவல்பாக்ஸ் என்பது உங்கள் கணினிக்குள் இன்னொரு கணினியை (மெஷின்) ஓட்ட உதவும் மென்பொருள். அதில் நாலைந்து மெஷின்கள் வைத்திருக்கும் பலர் எல்லாவற்றையும் ஒரே செட்டிங்ஸில் ஓட்டுகிறார்கள். லினக்ஸ் பழக ஒன்று, சந்தேகமான ஃபைலைத் திறந்து பார்க்க ஒன்று என்று வேலை வேறுபடும்போது பாதுகாப்பும் வேறுபட்டுத்தான் ஆக வேண்டும்.

செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு மெஷின் பெயருக்கும் எதிரே எழுதுங்கள்: இதற்கு இணையம் வேண்டுமா? ஹோஸ்ட் கணினியிலிருந்து (விர்ச்சுவல்பாக்ஸ் ஓடும் உங்கள் சொந்தக் கணினி) ஃபைல் போய்வர வேண்டுமா? யூஎஸ்பி வேண்டுமா? உறுதியாக "வேண்டும்" என்று சொல்ல முடியாததை மூடிவிடுங்கள். பிறகு தேவைப்பட்டால் திறந்துகொள்ளலாம்.

இப்போது மெஷினை ஷட் டவுன் செய்துவிட்டு செட்டிங்ஸுக்குப் போங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் பல வசதிகளை மாற்ற முடியாது. புதிய பதிப்புகளில் எக்ஸ்பர்ட் மோடுக்கு மாறினால்தான் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் நெட்வொர்க். அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். புது மெஷின் நாட் (NAT) முறையில் உருவாகும்; அதாவது ஹோஸ்டின் இணைப்பு வழியாக இணையத்துக்குப் போகும். வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது என்பதால் லினக்ஸ் பழக இது போதும். ஆனால் உள்ளே ஓடும் புரோகிராம் வெளியே போவதை நாட் தடுக்காது. உங்கள் ரவுட்டர், பிரிண்டர், அதே வைஃபையில் உள்ள மற்ற கணினிகள் வரை அது எட்டிப்பார்க்கும். எனவே சந்தேக ஃபைல்களுக்கான மெஷினில் "நாட் அட்டாச்டு" (Not attached, எந்த இணைப்பும் இல்லை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மெஷின்கள் தங்களுக்குள் மட்டும் பேச வேண்டும் என்றால் "இன்டர்னல் நெட்வொர்க்" சரியானது. அங்கே முன்னிருப்பாக வரும் "இன்ட்நெட்" என்ற பெயரை அப்படியே விடாதீர்கள். அதே பெயரில் இருக்கும் எல்லா மெஷின்களும் ஒரே வலையில் சேர்ந்துவிடும்.

அடுத்து ஜெனரல் பகுதியில் ஷேர்டு கிளிப்போர்டு. இதைத் திறந்து வைத்தால், ஹோஸ்டில் நீங்கள் காப்பி செய்யும் பாஸ்வேர்டு மெஷினுக்குள் இருக்கும் புரோகிராமுக்கும் கிடைக்கலாம். நம்பகமான மெஷினிலும் "கெஸ்ட் டு ஹோஸ்ட்" (மெஷினிலிருந்து ஹோஸ்டுக்கு மட்டும்) போதுமா என்று பாருங்கள். டிராக் அண்ட் டிராப்பை அணைத்தே வைக்கலாம்.

ஷேர்டு ஃபோல்டருக்கு "டாகுமெண்ட்ஸ்" முழுவதையும் கொடுக்காதீர்கள். இதற்கென்றே ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, "ரீட் ஒன்லி" டிக் போட்டுக் கொடுங்கள். எழுதும் அனுமதி இருந்தால், மெஷினுக்குள் புகும் ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய புரோகிராம்) அந்த ஃபோல்டர் வழியாக ஹோஸ்டில் உள்ள ஃபைல்களையும் பூட்டிவிடும். சந்தேக மெஷினுக்கு ஷேர்டு ஃபோல்டரே வேண்டாம். ஃபைலை ஐஎஸ்ஓவாக (சிடியின் நகல் போன்ற ஃபைல்) மாற்றி மெஷினின் ஆப்டிகல் டிரைவில் மாட்டுங்கள். மெஷினால் அதைப் படிக்க முடியும், அதில் எழுத முடியாது.

யூஎஸ்பி தேவையில்லை என்றால் கன்ட்ரோலரை அணைத்துவிடுங்கள். தேவையென்றால், எந்தக் கருவி மெஷினுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஃபில்டரில் அந்தக் குறிப்பிட்ட கருவியின் விவரம் இருக்கட்டும். காலியான ஃபில்டர், மெஷின் ஓடும்போது செருகும் எந்த யூஎஸ்பி கருவியையும் பிடித்துக்கொள்ளும். ஆடியோவில் மைக் இன்புட்டையும் அணையுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகே ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பிப் போக, மெஷினின் அப்போதைய நிலையின் சேமிப்பு) எடுங்கள். ஸ்னாப்ஷாட்டில் டிஸ்க்கோடு செட்டிங்ஸும் சேமிக்கப்படும். இப்படிச் செட்டிங்ஸை மூடுவதற்கு முன் எடுத்த பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு ரீஸ்டோர் செய்தால், நெட்வொர்க்கும் ஷேர்டு ஃபோல்டரும் பழையபடி திறந்துகொள்ளும். அப்படிப்பட்டவை இருந்தால் அழித்துவிடுங்கள், அல்லது ரீஸ்டோர் செய்ததும் மெஷினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் செட்டிங்ஸைத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.