கல்வெட்டு எழுதப் போகிறீர்களா? பிரிவைச் சொல்லும் பழஞ்சொற்களைத் தேடும் முறை

அம்மம்மா இறந்தபின் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு, அதாவது அவரைப் பற்றிய நினைவுப் புத்தகம், எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதினேன். நாலு பக்கத்திலும் ‘பிரிந்தார்’, ‘மறைந்தார்’ தவிர வேறு சொல் வரவில்லை. பிறகுதான் அகராதியைத் திறந்தேன். நீங்களும் ஒரு கொப்பியோடு தொடங்குங்கள்.

படி 1: அகராதி. யாழ்ப்பாணத்தில் 1842இல் அச்சான மானிப்பாய் அகராதி நம்மவர் சொத்து. ஆனாலும் புதியவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்சிகன்தான் (1924–1936, ஆறு தொகுதிகள்) வசதி. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சொல் எந்த நூலில் வந்தது என்ற குறிப்பும் இருக்கும்.

படி 2: வேரைப் பிடியுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘விட்டுப் பிரிந்து’ என்ற பொருளில் வரும் ‘விண்டு’வை அப்படியே தேடினால் திருமாலும் மலையும் வந்து நிற்கும். அதன் வேர் ‘விள்’. ‘விள்ளுதல்’ என்று தேட வேண்டும். ‘ஒரீஇ’ என்றால் ‘ஒருவுதல்’, அதாவது விட்டு நீங்குதல்.

படி 3: யார், எதை விட்டுப் பிரிந்தார் என்று கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இது. ‘துறத்தல்’ பற்றை விடுவது. ‘தணத்தல்’ கூடியிருந்தவர் பிரிவது. குறள் 1233இல் ‘தணந்தமை’ வருகிறது, எதிரே ‘மணந்தநாள்’ நிற்கிறது. ஒரே ஓசையில் சேர்தலும் பிரிதலும்!

‘நீத்தல்’ இன்னும் ஆழம். ‘நீத்தார் பெருமை’ என்ற குறள் அதிகாரம் பேசுவது துறவிகளை. இன்றைக்கு ‘நீத்தார் கடன்’ என்றால் இறந்தவருக்குச் செய்வது. இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று சொல்லப்படும் கன்னியா வெந்நீரூற்றடியில் நிற்கும்போது, உலகை விட்டவருக்கும் உயிரை விட்டவருக்கும் ஒரே சொல் வைத்த முன்னோரை நினைத்துக்கொள்வேன்.

படி 4: தன்வினையா, பிறவினையா என்று பாருங்கள். ‘நீங்கினார்’ தானே போனவர், ‘நீக்கினார்’ வேறொன்றை அகற்றியவர். ஓர் எழுத்தில் பொருள் கெட்டுவிடும்.

படி 5: ஒரு வாக்கியத்தில் வைத்து வாய்விட்டு வாசியுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பழஞ்சொல் போதும்.

நான் கடைசியில் எழுதியது: ‘அம்மப்பாவைத் தணந்து 19 ஆண்டுகள், அவர் நட்ட மாவுக்குத் தண்ணீர் ஊற்றினார்.’ பெரியம்மா வாசித்துவிட்டு, “தணந்து எண்டால் என்ன பிள்ளை?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தவர், “அது அப்பிடியே கிடக்கட்டும்” என்றார்.