கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டை வாங்கியதும் எல்லோர் கண்ணும் 'மொத்தக் கொலஸ்ட்ரால்' வரிக்குத்தான் போகிறது. தயவுசெய்து அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

கொலஸ்ட்ரால் விஷமல்ல. செல்களின் சவ்வு, பித்த அமிலம், சில ஹார்மோன்கள் என்று பலவற்றுக்கும் அது வேண்டும். பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்டிஎல் (LDL) துகள்கள் பெருகி, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து படியும்போதுதான் இதயத்துக்கு ஆபத்து.

ஆகவே முதலில் எல்டிஎல்லைப் பாருங்கள். பிறகு பேனா எடுத்து மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை (HDL, 'நல்ல கொலஸ்ட்ரால்' என்பார்களே, அதை) கழியுங்கள். மொத்தம் 210, எச்டிஎல் 40 என்றால் 170. படியக்கூடிய எல்லாத் துகள்களும் சுமக்கிற கொலஸ்ட்ரால் இதுதான். ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறியிருந்தால் நான் இந்த எண்ணைத்தான் அதிகம் நம்புவேன். ஏனென்றால் பல கூடங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டே எழுதுகிறோம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் வழக்கமான அந்தக் கணக்கு உதவாது. டிரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ள ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால், தெளிந்த மஞ்சளாக மேலே நிற்க வேண்டிய நீர் பால்போல் வெளுத்திருக்கும்.

எல்டிஎல் எவ்வளவு இருக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மாரடைப்பு வந்தவர்களுக்கு 70-க்கும் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். எண் இறங்கிவிட்டதே என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது இறங்கியதே மாத்திரையால்தான். பழைய ரிப்போர்ட்டுகளையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.