அந்துப்பூச்சி தன்னைக் கறுப்பாக்கிக்கொள்ளவில்லை

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் லால்பாக் பூங்கா பக்கம் போனால் இது காதில் விழும். மரத்தில் தொற்றியிருக்கும் ஓணானைக் காட்டி, “பாருடா, இடத்துக்கு ஏத்த மாதிரி கலர் மாத்துது, இதுதான் பரிணாமம்” என்பார் ஓர் அப்பா. பிள்ளையிடம் இதையெல்லாம் பேசுகிறாரே என்று சந்தோஷம்தான். ஆனால் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவப்பது இணை தேடும் காலத்தில், இன்னோர் ஆணை மிரட்டவும் பெண்ணை ஈர்க்கவும். ஒளிந்துகொள்ள அல்ல. அது ஒரே உடம்பில் வந்து போகிற மாற்றம். சூழலுக்குப் பொருந்துபவை தப்பிப் பெருகுவதுதான் இயற்கைத் தேர்வு; அதற்குத் தலைமுறைகள் வேண்டும்.

அந்தி மயங்கும் நேரத்தில் பெங்களூர் வீடுகளின் விளக்கைத் தேடி வரும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியும் இப்படித்தான் குழப்பும். மழைக்காலத்தில் சிறகின் அடிப்புறம் கண் கண்ணாகப் புள்ளிகள். வறண்ட மாதங்களில் வருபவை அச்சு அசல் சருகு. இரண்டும் ஒரே இனம்தான். புழுப் பருவத்தில் கிடைத்த சூழல்தான் எந்த வடிவம் என்று தீர்மானிக்கிறது. இப்படி இரண்டு வடிவம் எடுக்கும் திறமை மட்டுமே இயற்கைத் தேர்வில் வந்தது.

பரிணாமம் பற்றி மாணவர்கள் எழுதும் விடைத்தாள்களில் அதிகம் வரும் தவறு, ‘புகை படிந்ததால் அந்துப்பூச்சி கறுப்பாக மாறிக்கொண்டது’ என்பது. எந்தப் பூச்சியும் மாறிக்கொள்ளவில்லை. அவர்கள் சொல்வது இங்கிலாந்தின் மிளகு அந்துப்பூச்சியை; அதற்கு வெளிர் சிறகில் மிளகுத்தூள் தூவியது போல் புள்ளிகள். மரப்பாசி படர்ந்த பட்டையில் பகல் முழுக்க அசையாமல் இருந்தால் கண்ணில் படாது. ஆலைப் புகை பாசியைக் கொன்று பட்டையைக் கரியாக்கியதும் வெளிர் பூச்சிகள் பளிச்சென்று தெரிந்தன, பறவைகள் கொத்தின. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த கரும்பூச்சிகள் தப்பிப் பெருகின. மான்செஸ்டரில் 1848-ல் கரும்பூச்சி பதிவானது; 1895-ல் அங்கே சுமார் 98 சதவீதம் கறுப்பு.

சரி, கறுப்பையே புகைதான் உண்டாக்கியதா? அதுவும் இல்லை. இடம் தாவும் மரபணுத் துண்டு ஒன்று இன்னொரு மரபணுவுக்குள் தற்செயலாகப் புகுந்ததன் விளைவு அது என்று 2016-ல் கண்டறிந்தார்கள். கறுப்புதான் ‘மேம்பட்டது’ என்றும் எழுதக் கூடாது. 1956-ல் பிரிட்டனில் புகையைக் கட்டுப்படுத்தும் தூய காற்றுச் சட்டம் வந்து மரங்கள் மெல்ல வெளுத்த பின் கறுப்பு அரிதாகிவிட்டது. கேம்பிரிட்ஜில் உயிரியலாளர் மைக்கேல் மஜேரஸ் 2001 முதல் செய்த ஆய்வில் பறவைகளிடம் அதிகம் சிக்கியது கரும்பூச்சிதான்.

கடைசியாக, ‘தேவை வந்தால் விலங்கு மாறிவிடும்’ என்ற நம்பிக்கை. வட அமெரிக்கப் பனிமுயல் பகல் நீளத்தைக் கணக்கு வைத்து வெளுக்கிறது. பனி தாமதமானால் பழுப்புத் தரையில் வெள்ளையாக நின்று இரையாகிறது. எவ்வளவு தேவையானாலும் அந்த முயலால் காத்திருக்க முடியாது. பசிபிக் கரையோரம், பனி குறைந்த இடங்களில் குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கும் பனிமுயல்கள் உண்டு. அந்த மரபணு வடிவம் எப்போதோ வேறோர் இன முயலோடு கலந்ததில் வந்து சேர்ந்தது.