ஜப்பான்காரன் கொடுத்த கியாரண்டி கல்லடிப் பாலம் தாண்டுமா?

கொஞ்ச நாளைக்கு முன் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் இருக்கும் என் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு டொயோட்டா ரெய்ஸ் காரின் படங்களை அடுத்தடுத்து அனுப்பி, கடைசியில் ஒரு குரல் பதிவும் போட்டிருந்தார். "மச்சான், இது சும்மா ஒக்ஷன் கார் இல்ல, ஜப்பான்ல டீலரே செக் பண்ணி அப்ரூவ் பண்ணினது, சேர்டிபிகேட்டும் இருக்காம், கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்." கண்ணை மூடினால் தூங்கத்தான் முடியும் என்று பதில் போட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார், கையில் ஃபோன், ஃபோனில் அந்தச் சேர்டிபிகேட்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சாதாரண ஆட்கள் ஓட்டும் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஐந்து வருடம் ஒரே பழைய கார்கள் கை மாறிக் கை மாறி விலை ஏறியதைப் பார்த்துச் சலித்துப்போன ஆட்களிடம் "டீலர் அப்ரூவ்ட்" என்று சொன்னால் காதில் தேன்தான்.

முதல் தவறு அந்தச் சொல்லை அப்படியே நம்புவது. திட்டம் பொய் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டொயோட்டா, ஹொண்டா டீலர்கள் தங்களிடம் திரும்பி வரும் கார்களைக் கழுவி, சோதித்து, நிலைமையை எழுதி, உத்தரவாதமும் கொடுத்து விற்பது உண்மை. ஹொண்டாவில் அதற்கு யு-செலக்ட் என்று பெயர், இங்கிலாந்தில் பொதுவாக அப்ரூவ்ட் யூஸ்ட் என்பார்கள். ஆனால் அந்த உத்தரவாதம் அங்குள்ள டீலரின் கராஜில் செல்லுபடியாகும் உத்தரவாதம். கியர்பொக்ஸ் இடக்குப் பண்ணினால் நீங்கள் காரைக் கொண்டுபோக வேண்டியது ஜப்பானில் இருக்கும் டீலரிடம். கொழும்பில் இருக்கும் உத்தியோகபூர்வ ஏஜென்ட் அந்தத் தாளைப் பார்த்து இலவசமாக எதையும் மாற்றித் தருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம், அவர் விற்ற கார் இல்லை அது.

இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், டீலரிடம் நிற்கும் அப்ரூவ்ட் காரின் விலையில் அந்த உத்தரவாதத்துக்கும் கழுவிப் பொலிஷ் போட்டதற்கும் டீலரின் லாபத்துக்கும் சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள். அதே தரத்துக் கார் ஒக்ஷனில், அதாவது ஜப்பானில் வியாபாரிகள் கார் எடுக்கும் ஏலத்தில், அதைவிடக் குறைவாகப் போகும். அதாவது, நீங்கள் ஒருநாளும் பயன்படுத்த முடியாத ஒன்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள், அந்தக் காசின் மேல் நம்முடைய சுங்கத்துக்கு வரியும் கட்டுகிறீர்கள். இன்னொன்று, ஜப்பானில் பல டீலர்கள் இப்படியான கார்களை நேரில் வந்து பார்க்கக்கூடிய உள்ளூர் ஆட்களுக்குத்தான் விற்போம் என்று விளம்பரத்திலேயே போடுவார்கள். அப்படியானால் இந்தக் கார் எப்படி ஏற்றுமதிக்காரர் கையில் வந்தது என்று கேளுங்கள். நேர்மையான ஆளாக இருந்தால் "இது ஒக்ஷனில் எடுத்தது தம்பி, டீலர் ஒக்ஷனில் போட்டது" என்று சொல்லிவிடுவார். அதில் ஒரு குற்றமும் இல்லை, அப்போது நாம் ஒக்ஷன் காராகவே அதைப் பார்க்கலாம்.

பார்ப்பது என்றால் ஒக்ஷன் ஷீட், ஏலத்தில் காரைச் சோதித்து அதன் நிலைமையை எழுதி வைக்கும் தாள். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மேல் மூலையில் இருக்கும் 4.5 என்ற இலக்கத்தையும் காரின் உட்புறத்துக்கு ஏ அல்லது பி என்று தரம் போட்டிருப்பதையும் பார்த்துவிட்டு ஃபோனை மூடிவிடுகிறார்கள். அந்த இலக்கம் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் சராசரி மாதிரி. எந்தப் பாடத்தில் கோட்டை விட்டது என்று அது சொல்லாது. சொல்வது கீழே இருக்கும் படம். காரைப் பிரித்துத் தட்டையாக விரித்த மாதிரி ஒரு வரைபடம் இருக்கும், அதில் அங்கங்கே எழுத்துகள். ஏ என்றால் கீறல், யு என்றால் நெளிவு, டபிள்யு என்றால் தட்டிப் பெயின்ட் அடித்த இடம், எஸ் என்றால் துரு, எக்ஸ் என்றால் மாற்ற வேண்டிய பாகம், இரண்டு எக்ஸ் என்றால் மாற்றியே விட்ட பாகம். பக்கத்தில் 1, 2, 3 என்று வருவது அளவு. ஏ1 எதுவும் இல்லை, நம் ஊரில் கடைக்கு முன் நிறுத்திவிட்டு வந்தால் அதைவிடப் பெரிய கீறல் விழும். ஒரே பக்கத்தில் கதவு டபிள்யு2, பின் மட்கார்ட் இரண்டு எக்ஸ் என்று வரிசையாக இருந்தால் அங்கே ஏதோ வந்து மோதியிருக்கிறது.

"அக்சிடென்ட் இல்லாத கார்" என்று விற்பவர் சொன்னால் அது சட்டப்படி பொய்யாக இருக்காது, இதையும் கவனியுங்கள். ஜப்பானியக் கணக்கில் விபத்துத் திருத்தம் என்று பதிவது சட்டகம், தூண், தளம் போன்ற காரின் எலும்புகளில் கை வைத்திருந்தால்தான். போல்ட் கழற்றி மாற்றக்கூடிய கதவு, பொனட், மட்கார்ட் எல்லாவற்றையும் மாற்றியிருந்தாலும் அது அந்தக் கணக்கில் வராது.

எலும்பில் கை வைத்த கார்களுக்கு ஆர் அல்லது ஆர்ஏ என்று தரம் போடுவார்கள். இதைக் கேள்விப்பட்டு வைத்திருந்த என் மச்சான், வேறொரு நல்ல காரின் ஷீட்டில் ஆர்5 என்று பார்த்துப் பயந்து அதை விட்டுவிட்டாராம். அந்த ஆர் திருத்தம் இல்லை, ரெய்வா. ஜப்பான் சக்கரவர்த்தியின் ஆட்சி வருடம். 2019தான் ரெய்வா 1, அப்படிப் பார்த்தால் ஆர்5 என்பது 2023. ரெய்வா வருடத்தோடு 2018ஐக் கூட்டினால் நம்முடைய வருடம் வந்துவிடும். எழுத்து எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், தரப் பெட்டியிலா, பதிவுத் திகதிப் பெட்டியிலா. நல்ல கார் ஒன்று இப்படிப் போனது.

சரி, அந்த ரெய்ஸ். கல்லடியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து இரண்டு விரலால் ஷீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தரம் 4.5, வரைபடத்தில் ஒன்றிரண்டு கீறல், மைலேஜும் பரவாயில்லை. ஆனால் படத்தின் இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அனுப்பியவர் ஏதோ அவசரத்தில் எடுத்திருப்பார் என்றார் மச்சான். இருக்கலாம். காரின் அடையாள இலக்கமான சேசி நம்பரைக் கொடுத்து, கொஞ்சக் காசு கட்டி, மூல ஷீட்டை வெளியில் எடுத்தோம், இப்படி எடுத்துக் கொடுக்கும் சேவைகள் இப்போது நிறைய இருக்கின்றன, கார் விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் தூசு. வெட்டுப்பட்ட ஓரத்தில் காரின் முந்தைய பாவனை எழுதும் பெட்டி இருந்தது. அதில் மூன்று எழுத்து. ஜப்பானில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பொடியனிடம் கேட்டதற்கு "ரென்டா" என்று வாசித்துக் காட்டினான். வாடகைக் கார்!

வாடகைக் கார் என்றால் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சில கம்பனிகள் ஒழுங்காகச் சேர்விஸ் பண்ணித்தான் வைத்திருக்கும். ஆனால் நூறு பேர் ஓட்டிய காரை ஒருவர் ஓட்டிய காரின் விலைக்கு வாங்கக் கூடாது. நமக்கு வரும் கார்களில் இது ஏன் முக்கியம் என்றால், 2025இல் திறந்தபோது கார்களுக்கு வைத்த வயது வரம்பு மூன்று வருடம். மூன்று வருடத்துக்குள் ஒரு சாதாரண ஜப்பானியர் காரை எதற்காக விற்கிறார்? விற்பவர்கள் உண்டுதான், ஆனால் அந்த வயதில் ஒக்ஷனுக்கு வருபவற்றில் வாடகைக் கார்களும், டீலர்கள் ஓட்டிக் காட்ட வைத்திருந்த டெமோ கார்களும் நிறைய.

மைலேஜ் விஷயத்திலும் இதே மூன்று வருடம் குறுக்கே வந்து நிற்கும். "ஏற்றுமதிச் சான்றிதழில் மைலேஜ் இருக்கு, பொய் சொல்ல ஏலாது" என்பார்கள். ஜப்பானில் கார்களுக்கு ஷாகென் என்று கட்டாயப் பரிசோதனை இருக்கிறது, மைலேஜ் அரசாங்கப் பதிவில் ஏறுவது அப்போதுதான். சொந்தப் பாவனைக்கு எடுத்த புதுக் காருக்கு முதல் ஷாகென் வருவது மூன்று வருடத்தில், அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒன்று. அப்படியென்றால் சொந்தப் பாவனையில் இருந்த இரண்டரை வருடத்துக் கார் ஒன்று முதல் பரிசோதனைக்கே போயிருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க அரசாங்கப் பதிவில் பழைய மைலேஜும் இருக்காது. அந்த வயதுக் காருக்குக் கையில் இருக்கும் நல்ல சாட்சி ஒக்ஷன் ஷீட்தான். அதனால்தான் விற்பவர் அனுப்பும் படத்தை நம்பாமல் மூலத்தை எடுக்கச் சொல்கிறேன். இன்னொரு விஷயம், இணையத்தில் 17 எழுத்து இலக்கம் கேட்கும் அமெரிக்கத் தளங்களில் ஜப்பான் உள்ளூர்க் காரின் சேசி நம்பரைப் போட்டு "ஒன்றும் வரவில்லை, அப்ப கார் கிளீன்" என்று முடிவெடுக்காதீர்கள். அந்தக் கார்களின் நம்பர் வடிவமே வேறு, வராமல் போவதுதான் முறை.

இங்கிலாந்துக் கார் எடுப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே மீட்டர் மைலில் ஓடும். 20,000 என்று இருந்தால் அது ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர்.

காசு விஷயத்துக்கு வருவோம். விற்பவர் சொல்லும் விலை எஃப்.ஓ.பி.யா சி.ஐ.எஃப்.ஆ என்று கேட்காமல் கணக்குப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலாவதில் கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. அதன் மேல்தான் நம்முடைய வரிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும்: சுங்க வரி, எஞ்சின் சிசி அல்லது மோட்டர் கிலோவொட் பார்த்துப் போடும் உற்பத்தி வரி, குறிப்பிட்ட பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வற் என்ற பெறுமதி சேர் வரி. ரெய்ஸின் ஆயிரம் சிசிக்குள் அடங்கும் டேர்போ மொடலுக்கு இங்கே இவ்வளவு மவுசு இருப்பதும் இந்த சிசிக் கணக்கால்தான். அதே ரெய்ஸில் 1.2 லீட்டர் எஞ்சினும் இருக்கிறது, படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், மொடல் குறியீட்டைக் கேட்காமல் விலை ஒப்பிட வேண்டாம்.

இன்றைய யென் விலையில் இன்றே கணக்குப் போட்டுக் கடைசி ரூபா வரை எண்ணி வைப்பதும் தவறு. கார் கடலில் வரும்போது ரூபா ஆடும், சுங்கம் வாராவாரம் வெளியிடும் நாணய மாற்று விகிதமும் ஆடும். கொஞ்சம் கூடுதலாகக் கையில் இல்லாவிட்டால், ஹம்பாந்தோட்டையில் கார் இறங்கி நிற்க, நீங்கள் இங்கே நகையை அடகு வைக்க ஓட வேண்டி வரும். இன்வொய்ஸைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது அன்பாகச் சொன்னால் அந்த அன்பு வேண்டாம். சுங்கம் அந்த விலையை ஏற்றுக்கொள்ளும் கட்டாயம் இல்லை, மாட்டினால் மாட்டுவது இறக்குமதி செய்தவர், அதாவது நீங்கள்.

காசு போக வேண்டிய வழி வங்கி, எல்.சி. திறந்து, அதாவது ஆவணங்களைப் பார்த்த பிறகே வங்கி விற்பவருக்குக் காசு கொடுக்கும் நாணயக் கடிதம். "எல்.சி.க்கு நாளாகும், அதுக்குள்ள கார் போயிடும், என்ட கணக்குக்குப் பாதி போடுங்க" என்று சொல்பவரின் கணக்குக்குக் காசு போட்டுவிட்டு ஏறாவூரில் ஒருவர் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார். அவர் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை, நாற்பது வருடம் வியாபாரம் செய்தவர்.

திகதிகள் இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். கார் தொழிற்சாலையில் செய்த மாதமும் ஜப்பானில் முதல் பதிவான மாதமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. வயது வரம்பின் விளிம்பில் நிற்கும் கார் மலிவாக இருப்பதற்குக் காரணம் அந்த விளிம்புதான், துறைமுக யார்டில் கப்பலுக்குக் காத்துக் கிடந்தாலும் அதற்கு வயது ஏறும்.

கார் வந்த பிறகோ, யார்டில் நிற்பதை வாங்குவதாக இருந்தாலோ பார்க்க வேண்டியவற்றில் மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, வெள்ளம் வந்த வீடு எப்படி மணக்கும் என்று நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டை முடிவு வரைக்கும் இழுத்துப் பாருங்கள், கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று. சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர மணம். அப்புறம் அடியில் படுத்துப் பாருங்கள். ஹொக்கைடோ, நீகாட்டா போன்ற பனி கொட்டும் இடங்களில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள், அந்த உப்பு தின்ற அடித்தளத்தை நம்முடைய கடல் காற்றில் கொண்டுவந்து வைத்தால் மிச்சத்தை அது தின்றுவிடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2322 என்றால் 2022ஆம் வருடம் 23ஆம் வாரம். காரை விட டயர் புதிதாக, மைலேஜ் மட்டும் மிகக் குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஹைபிரிட் என்றால் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள், அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாவைப் பார்க்காதீர்கள். ஜப்பான் உள்ளூர் மொடலுக்கு மட்டும் வரும் பாகங்கள் இங்கே கிடைக்காது, கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பித்தான் தேட வேண்டும், அதையும் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

மச்சான் கடைசியில் அந்த ரெய்ஸை விட்டுவிட்டு ஒக்ஷனில் இன்னொன்று எடுத்தார், அப்ரூவ்ட் இல்லை, ஷீட் முழுதாக இருந்தது. கார் நல்ல கார். ரேடியோதான் நம் ஸ்டேஷன்களில் பாதியைப் பிடிக்காது, ஜப்பான் எஃப்.எம். 76இல் தொடங்கி நமக்குத் தேவையான இடம் முழுதாக வரும் முன்பே முடிந்துவிடும், அதற்கு ஒரு சின்னக் கருவி பூட்ட வேண்டும். நெடுஞ்சாலைக் கட்டணப் பெட்டியையும் கழற்ற மறந்துவிட்டார். தினமும் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பெண் குரல் அட்டையைச் செருகவில்லை என்று ஜப்பானிய மொழியில் சொல்லும். முதல் நாள் பின் சீட்டில் இருந்த மாமி என்னைப் பார்த்து, "இவ என்ன மனே காலையிலேயே கேக்குறா?" என்றார். காசு கேட்கிறாள் மாமி என்றேன். "இன்னுமா?" என்றார்.