நர்சிங் டயக்னோசிஸ்: நடுக் கட்டத்தில் என்ன எழுதுவது?

'நிமோனியா காரணமாக மூச்சுத் திணறல்' என்று என் முதல் கேர் பிளானில், அதாவது நோயாளிக்கு நர்ஸ் எழுதும் பராமரிப்புத் திட்டத்தில், எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் ஒரே கேள்வியோடு திரும்பி வந்தது: 'நிமோனியாவை நீ என்ன செய்வாய்?'

நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டர் வேலை. அந்த நோயால் படுக்கையில் இருப்பவருக்கு எது முடியாமல் போகிறது, அதில் நர்ஸ் கைவைக்கக் கூடியது எது என்று சொல்வதுதான் நர்சிங் டயக்னோசிஸ்.

வெள்ளைத்தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: பிரச்சினை, காரணம், அறிகுறி. ஆப் வேண்டாம் என்பேன். ரெடிமேட் வாக்கியத்தைக் கையில் கொடுத்துவிடும், அப்புறம் நோயாளியை யார் பார்ப்பது?

கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்புங்கள். பார்த்தது, கேட்டது, அளந்தது மட்டும். இருமியும் சளி வரவில்லை, ஸ்டெத் வைத்தால் கரகர சத்தம், நிமிடத்துக்கு 28 மூச்சு. "நெஞ்சுல ஏதோ அடைச்ச மாதிரியே இருக்கு" என்று அவர் சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள்.

சரி, பிரச்சினைக்கு வருவோம். பெயரை நாமே கோக்க வேண்டாம், நர்சிங் டயக்னோசிஸ் பெயர்களைத் தொகுத்து வெளியிடும் நாண்டா அமைப்பின் பட்டியலில் இருக்கிறது. இவருக்குப் பொருந்துவது இன்எஃபெக்டிவ் ஏர்வே கிளியரன்ஸ். அதாவது மூச்சுப்பாதையில் இருக்கும் சளியை அவரால் வெளியேற்ற முடியவில்லை. பதிப்புக்குப் பதிப்பு சில பெயர்கள் மாறும், அதனால் சீனியரின் பழைய நோட்டை நம்பாதீர்கள்.

நான் வழுக்கியது நடுக் கட்டத்தில். அங்கே 'நிமோனியா' என்று எழுதினால் அடுத்து நாம் செய்ய ஒன்றுமில்லை. 'சளி கெட்டிப்பட்டுத் தேங்குவது, இருமத் தெம்பு இல்லாதது' என்று எழுதிப் பாருங்கள், வேலை தானாக வந்து நிற்கும்: நிமிர்த்தி உட்கார வைக்கலாம், மூச்சை ஆழமாக இழுத்து இருமச் சொல்லித் தரலாம், திரவக் கட்டுப்பாடு இல்லையென்றால் அதிகம் குடிக்க வைக்கலாம். நோயின் பெயரை எழுதியே ஆகவேண்டும் என்றால் 'செகண்டரி டு நிமோனியா' (நிமோனியாவின் விளைவாக) என்று வாலில் ஒட்டுங்கள்.

இன்னொரு வழுக்கல், 'நடக்க முடியாததால் நடமாட்டக் குறைவு'. ஒன்றையே இரண்டு தடவை சொல்வது அது. மூட்டு வலியா, தசைத் தளர்ச்சியா?

பின்சேர்க்கை: 'கீழே விழும் அபாயம்' என்று எழுதினால் அறிகுறிக் கட்டத்தில் என்ன போடுவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அறிகுறி இருக்காது, இன்னும் விழவில்லையே! தலைசுற்றல், தூக்க மாத்திரை, பார்வைக் குறைவு என்று அபாயக் காரணிகளை மட்டும் எழுதுங்கள்.